சந்தாபுராவிலிருந்து பாண்டிக்கு ஒரு நாள்

சந்தாபுராவுக்குக் கடல் என்றால் அது புதுச்சேரிதான். பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே, ஓசூர் சாலையில் இருக்கிறது இந்த ஊர். மங்களூர்க் கடலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து பெங்களூரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், மலைத்தொடரில் இறங்க வேண்டும். சென்னைக் கடற்கரைக்குப் போனால் இன்னொரு பெருநகரத்தின் நெரிசலில்தான் போய் விழ வேண்டும். புதுச்சேரிக்கு வண்டியை ஓசூர் பக்கம் திருப்பினால் போதும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகனி வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு, சந்தாபுராவில் நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இதனால்தான் ‘லாங் வீக்கெண்ட்’ வந்தாலே பாண்டி நினைவு வந்துவிடுகிறது. நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் நண்பர்களும் இப்போது எளிதாக வந்து சேர்ந்துகொள்ளலாம். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் பாதை ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை வருகிறது.

வழி சிக்கலில்லாதது. அத்திப்பள்ளியில் கர்நாடகம் முடிகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வரை பெரிய நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரியைத் தாண்டி இடது பக்கம் பிரிந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போக வேண்டும். சொந்தக் காருக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. மஞ்சள் போர்டு வண்டியும் டெம்போ டிராவலரும் எடுப்பவர்கள் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பெர்மிட் வரி கட்ட வேண்டியிருக்கலாம். வாடகை பேசும்போது அந்தத் தொகை உள்ளடக்கமா என்று கேட்டுக்கொள்ளாதவர்கள் எல்லையில்தான் வாக்குவாதத்தைத் தொடங்குகிறார்கள். ரயில் விரும்புகிறவர்களுக்கு யஷ்வந்த்பூர் வழியாக வரும் தாதர்–புதுச்சேரி சாளுக்கியா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெங்களூரிலிருந்து விமானமும் உண்டு. ஆனால் சந்தாபுராக்காரர் நகரத்தின் வட கோடியில் உள்ள தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தில் கூட்டாளிகள் கிருஷ்ணகிரியில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

பயணத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒரு காரியம் இறக்கம். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அத்தனை உயரத்தையும் ஆறேழு மணி நேரத்தில் இறங்கி முடிக்கும்போது காற்றின் தன்மையே மாறிவிடும். சந்தாபுராவில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வண்டி ஏறியவருக்குத் திண்டிவனத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். உப்புக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆறாது. பீடபூமிவாசிகள் கடலோர வெயிலைக் குறைத்து எடைபோடுவது வழக்கம். பகல் பதினொரு மணிக்குத் தலைவலியோடு அறைக்குத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டு நிலத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இரவில் கிளம்பினால் செஞ்சிக் கோட்டை இருட்டில் போய்விடும் என்பது ஒரு குறை. பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் பிடித்து 1761 வரை வைத்திருந்த கோட்டை அது. மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியிருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பார்கள். போகும்போது தவறவிட்டதைத் திரும்பும்போது பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இரவுப் பயணத்துக்கு நியாயம் இருக்கிறது. புதுச்சேரி கிழக்குக் கடற்கரை ஊர். கோவாவைப் போலவோ கோகர்ணாவைப் போலவோ மாலையில் சூரியன் கடலில் இறங்காது; காலையில் கடலிலிருந்து எழும். பருவத்துக்கேற்ப ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் அது நடந்து முடிந்துவிடும். கூபேர் அவென்யூ என்னும் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஆகவே விடியற்காலையில் போய்ச் சேருகிறவர்களுக்கு, ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் தார்ச் சாலை முழுவதும் நடக்கக் கிடைக்கிறது. உள்ளூர் முதியவர்கள் கை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். சிவப்புத் தொப்பிக் காவலர்களையும் இங்கே பார்க்கலாம். பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன அந்தத் தொப்பியைப் புதுச்சேரிக் காவல்துறை இன்னும் கழற்றவில்லை.

இந்தச் சாலையில் வரிசையாக நிற்பவை எல்லாம் ஆளுக்கொரு காலத்தைச் சேர்ந்தவை. பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட புதுச்சேரி வீரர்களுக்கான நினைவுச் சின்னம் 1930களின் இறுதியில் எழுந்தது. மேரி என்றழைக்கப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் மொட்டையாக நிற்கும் தூண்கள் பழைய பிரெஞ்சுத் துறைமுகப் பாலத்தின் மிச்சம். 1952 புயல் அந்தப் பாலத்தைத் தின்றுவிட்டது.

இங்கே முதல் முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்வி: கடற்கரை என்கிறார்கள், மணல் எங்கே? கரையெல்லாம் கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பதால் ‘ராக் பீச்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இயற்கை அப்படி வைக்கவில்லை. ஊரின் மூத்தவர்கள் அகன்ற மணற்கரையில் விளையாடி வளர்ந்தவர்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளிவிட்டுப் போகிறது. இப்படி ஆண்டின் பெரும்பகுதி கடலோரமாக ஒரு மணல் ஆறே தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் ஆறு அந்தச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே, ஊருக்கு நேராக, அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டு போயிற்று; ஈடு செய்யப் புது மணல் வரவில்லை. சில ஆண்டுகளில் கரை காணாமல் போனது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் ஊரைக் காத்தது, ஆனால் அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் கிராமங்களில் வீடுகளைத் தொட்டது.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவத்தில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகத்தைக் குறைத்து, சுமந்து வரும் மணலைக் கரையில் படிய வைப்பது அதன் வேலை. அதற்குப் பலன் தெரிந்தது: காந்தி சிலைக்கு வடக்கே இன்று பிள்ளைகள் ஓடியாடும் மணல் அப்படித் திரும்பி வந்ததுதான். பருவத்துக்குப் பருவம் அது கூடும், குறையும். ஒரு சுவரால் போன கரையை மீட்க இன்னொரு கட்டுமானம் தேவைப்பட்டது என்பதைக் கடலோரத்தில் புதிது புதிதாகத் துறைமுகம் கேட்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

குளிப்பதற்கு உரிய இடம் இந்தக் கரை இல்லை. கல்லில் ஏறி நின்று செல்ஃபி எடுப்பதும் ஆபத்து. பாசி வழுக்கும். குளிக்க நினைப்பவர்கள் தெற்கே சின்ன வீராம்பட்டினத்துக்குப் போகலாம். அங்குள்ள ஈடன் கடற்கரை 2020இல் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்றது. அல்லது கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போய், அலையாத்திச் செடிகளுக்கு நடுவே படகில் கழிமுகம் கடந்து பாரடைஸ் கடற்கரையில் இறங்கலாம். எங்கே போனாலும் வங்கக் கடலின் இழுப்பு நீரோட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் கால் நனைக்க வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாக ஒரே ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்தப் பள்ளத்துக்கு மேலே அலை உடையாது. தண்ணீர் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் அமைதியான இடம் என்று அங்கேதான் இறங்குகிறார். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து வெளியே வந்து, பிறகு திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கை தூக்க வேண்டும். ஏரியிலும் கிணற்றிலும் பழகிய நீச்சல் இங்கே போதாது. நண்பன் மூழ்குவதைக் கண்டு அடுத்தடுத்து இறங்கி இரண்டு மூன்று பேர் போவதுதான் இந்தக் கரைகளின் சோகக் கதை. குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாண்டிக்கு வரும் நண்பர் குழுக்களில் பாதி அதற்காகவே வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். ஒன்றியப் பிரதேசத்தின் வரி வேறு, அதனால் விலை குறைவு. ஆனால் வாங்கியதைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் எடுத்துவந்தால் குற்றம். சந்தாபுரா திரும்பும் வழி ஏறக்குறைய முழுவதும் தமிழ்நாடுதான். சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது, மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்குப் பதில் வண்டியே மாட்டிக்கொள்ளும். இதைத் தவிர, முந்தைய இரவு முழுக்கக் குடித்தவருக்குச் சூரிய உதயமும் போய்விடுகிறது, மறுநாள் காலையும் போய்விடுகிறது. இரண்டும் போனபின் இந்த ஊரில் மிச்சம் அதிகமில்லை.

காலை உணவுக்குப் பின் நடக்க வேண்டிய ஊர் இது. பெரிய வாய்க்கால் என்ற ஒரு நீண்ட கால்வாய் நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரம், மேற்கே தமிழர்களின் நகரம். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1674இல் பிரான்சுவா மர்த்தேன் தலைமையில் இங்கே கால் ஊன்றியது. 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். நேர் நேராக வெட்டிக்கொள்ளும் வீதிகளின் திட்டம் அவர்கள் வரைந்தது. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக இன்று புகைப்படங்களில் காணப்படும் பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, பழைய டச்சுக் கோடுகளின்மேல் எழுந்தவை. இடிக்கப்பட்ட கோட்டை இருந்த வட்டாரத்தில்தான் பாரதி பூங்கா இருக்கிறது. அதன் நடுவே ஆயி மண்டபம். துமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று நீலப் பலகையைப் படித்துக்கொண்டே சுற்றினால் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் இந்தப் பக்கம் முடிந்துவிடும்.

பெங்களூரு குழுக்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. வாய்க்காலைத் தாண்டுவதில்லை. இது பெரிய இழப்பு. பார்க்கத் தகுந்த வீடுகள் மேற்கே ஏராளம். தெருவைப் பார்த்த திண்ணை, அதன்மேல் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம். அரண்மனைகளில் பார்த்துப் பழகிய அமைப்பு இங்கே சாதாரணத் தெருவில் இருக்கிறது. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. கல்வே சுப்புராய செட்டி வீதி என்னும் வைசியால் வீதியில் ஒரு பகுதி முழுவதையும் சீரமைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து, 1736இலிருந்து நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவின் அரசியலையும் சரக்கு விலையையும் ஊர் வம்பையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த நாட்குறிப்பு இல்லாமல் இன்று வரலாற்றாசிரியர்களால் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. 1908இல் ஆங்கில அரசின் பிடியிலிருந்து தப்பி வந்த பாரதியார் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊரும் இதுதான். ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் அவருடைய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வீடு. இரண்டுக்கும் நடந்தே போகலாம். உள்ளே கூட்டம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி சந்தை. பழைய துணி, பாத்திரம், செருப்பு, பழைய புத்தகம் எல்லாம் தெருவில் கிடக்கும். பேரம் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும்.

மதியம் ஒரு மணிக்கு மேல் புதுச்சேரி கதவைச் சாத்துகிறது. கடைகள் பல நான்கு மணி வரை மூடியிருக்கும். மணக்குள விநாயகர் கோவிலிலும் நடை சாத்திவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். தமிழ்நாட்டு வெயிலுக்கு அதைக் கற்றுத்தர பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது. திட்டம் போட்டு வரும் குழுக்கள் இந்த மூன்று மணி நேரத்தைக் கண்டு பதறி, ‘வேஸ்ட் ஆகிறதே’ என்று ஆரோவில்லுக்கு வண்டியை விடுகின்றன. ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட சர்வதேச நகரம். வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவு வேண்டும். பதிவில்லாமல் வருகிறவர் வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து தங்கக் கோளத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வது முறை. பாண்டியில் ஒரே நாள் கையில் இருப்பவர்கள் ஆரோவில்லை விட்டுவிடலாம்.

மதியத்துக்கு உரிய வேலை சாப்பாடும் தூக்கமும். வெள்ளை நகரத்து உணவகங்களில் சூழலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். வாய்க்காலுக்கு மேற்கே மெஸ்களில் மீன் குழம்பும் இறால் தொக்கும் அந்தக் காசில் பாதிக்குக் கிடைக்கும். பிரெஞ்சு–தமிழ்க் கலப்பில் பிறந்த கிரியோல் சமையல் கிடைத்தால் விடக் கூடாது. காரம் குறைத்து, தேங்காய்ப்பாலும் வினிகரும் சேர்த்துச் சமைக்கும் கறி வகைகள் அவை. நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. யான் மார்டெல் தம்முடைய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் கதை தொடங்கும் இடமாகக் காட்டுவது இந்தக் காபிக்கடையைத்தான்.

பிற்பகலில் கடற்காற்று எழும்புகிறது. தரை கடலைவிட வேகமாகச் சூடாவதால் அதன்மேல் உள்ள காற்று மேலே ஏற, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் இது தாமதமாகும். அந்த நாட்களில் மாலைவரை ஊர் வேகும். ஐந்து மணிக்கு மேல் மீண்டும் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்குத் தடுப்பு வைத்துச் சாலையை மூடியதும் குடும்பம் குடும்பமாக ஊர் இறங்கிவிடும். சுண்டல், பஜ்ஜி, ஐஸ்கிரீம் எல்லாம் வரும். கல் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பேசுவதைத் தவிர இங்கே செய்ய எதுவும் இல்லை. நண்பர்கள் வந்தது அதற்காகத்தான். சுற்றுலாத் தலங்களின் பட்டியலில் இந்த மாலைக்கு இடம் கிடையாது. ஊர் திரும்பியவர்கள் பல மாதம் கழித்தும் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

எப்போது போவது என்பதில் டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆண்டு இறுதி இரவில் மட்டும் அறை வாடகை பல மடங்கு ஏறும், கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. ஆடி மாதத்தில் வந்தால் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழா கிடைக்கும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த மரபைத் துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். இங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முடியும் வரை வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் ஊரில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அதோடு முடியவில்லை. உள்நாட்டுக்குள் நகர்ந்து, பாண்டி போகும் இதே சாலையில் உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. கடலோரத்தில் மழை ஓய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மட்டும் போதாது. வழியையும் விசாரிக்க வேண்டும்.

திரும்பும் நேரமும் முக்கியம். ஞாயிறு மதியம் கிளம்புகிற அத்தனை பேரும் இரவில் கிருஷ்ணகிரிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஒன்றுசேர்கிறார்கள். ஓசூரைத் தாண்டியபின் சந்தாபுரா கூப்பிடு தூரத்தில் இருக்கும், வண்டி நகராது. இரவு கண் விழித்து ஓட்டி வந்தவரே தூக்கக் கலக்கத்தில் திரும்பவும் ஓட்டுவது நெரிசலைவிட மோசம். ஓட்டத் தெரிந்தவர் இருவராவது குழுவில் இருக்க வேண்டும். வெள்ளி இரவு புறப்பட்டு, சனிக்கிழமையைப் பாண்டியில் கழித்து, ஞாயிறு விடியலில் இன்னொரு முறை கடலைப் பார்த்துவிட்டுக் காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் வழியில் செஞ்சியையும் பார்க்கலாம், பகலிலேயே அறைக்கும் திரும்பலாம். ஞாயிறு மாலையும் கடற்கரைச் சுவரில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.